சிஸ்டர் எஃபுவாவும் செவன் ஹில்ஸில் கிடக்கும் மில்லும்

புதன்கிழமை பின்னேரம் செய்தி வந்தபோது வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நால்வர். நான், காய்ச்சலால் வேலைக்குப் போகாமல் படுத்திருந்த என் கணவர் சிவபாதம் மாஸ்டர், சட்டைத்துணி வெட்டுவதற்கு வந்திருந்த பரமேஸ்வரி அக்கா, பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த என் மகள் வாசுகி. மற்ற இரண்டு பிள்ளைகளும் இன்னும் வீடு திரும்பவில்லை; ஐந்தாவது ஆள் இல்லை. இதை இவ்வளவு திட்டமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு நான் என்ன சொன்னேன், யார் கேட்டார்கள் என்பது பற்றி நமது வீடுகளில் இப்போது இரண்டு மூன்று கதைகள் உலாவுகின்றன.

தொலைபேசியை வாசுகிதான் எடுத்தாள். மறுமுனையில் குவேசி, எஃபுவாவின் சின்னம்மா மகன். அவள் இரண்டு தரம் 'யெஸ்' என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே ரிசீவரை நீட்டினாள். சிஸ்டர் எஃபுவா காலையில் வேலைக்குப் போகும் வழியில் பிளாக்டவுன் பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த பெண், அவர் நித்திரை என்று நினைத்து ஒரு பஸ்ஸைப் போகவிட்டு, அடுத்த பஸ்ஸும் வந்த பிறகுதான் தோளில் தட்டிப் பார்த்திருக்கிறார். ஊருக்கெல்லாம் இரத்த அழுத்தம் பார்த்துச் சொன்ன மனுசி, தன்னுடைய குளிசையை ஒழுங்காகப் போட்டதில்லை. இது நம் எல்லோருக்கும் தெரியும்.

நான் அடுப்பை நிறுத்திவிட்டுச் சாமி அலுமாரிக்கு முன்னால் போய் நின்றேன். விளக்கேற்றும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இரத்த உறவு இல்லாத ஒருவர் செத்தால் எனக்குத் துடக்கு உண்டா இல்லையா என்று தெரியவில்லை. பரமேஸ்வரி அக்காவுக்குச் சந்தேகம் இல்லை. "உமக்கென்ன துடக்கு, விளக்கை ஏத்தும்" என்றா. என்னால் ஏற்ற முடியவில்லை. மூன்று நாள் ஏற்றவில்லை. அதற்கு எந்தச் சாஸ்திரத்தில் இடம் உண்டு என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்தத் தாள் போகும் இருபத்திரண்டு வீடுகளில் எஃபுவாவை அறியாதவர் இல்லை. பதின்மூன்று தமிழ் வீடுகளுக்கும் இதை றோனியோவில் படி எடுத்து அனுப்புகிறேன். மற்ற ஒன்பது வீடுகளுக்கும் மாஸ்டர் நேரில் போய் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவார். பின்னொரு காலம் பிள்ளைகள் வாசிப்பார்களாக இருந்தால் அவர்களுக்காக ஒரு வரி: எஃபுவா கானா நாட்டில் கேப் கோஸ்டுக்குக் கிட்ட ஒரு கடலோரச் சிற்றூரில் பிறந்தவர், தாதிப் படிப்புக்கு உபகாரச் சம்பளத்தில் இங்கே வந்தவர், அங்கே ஆட்சி மாறி மாறிப் போனதில் திரும்பும் நாள் தள்ளித் தள்ளிப் போய், பிளாக்டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலையாக இருந்தவர். நாற்பத்தாறு வயது. கலியாணம் செய்யவில்லை. அவர் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் தருகிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது. என் ஆங்கிலம் மாஸ்டர் கொப்பி திருத்தும்போது பக்கத்தில் இருந்து பொறுக்கியது. பிழை இருந்தால் என்னுடையது.

எழுபத்து நான்கில் நாங்கள் சிட்னிக்கு வந்த முதற் குளிர்காலத்தில், பிளாக்டவுன் மரக்கறிக் கடையொன்றில்தான் அவரைக் கண்டேன். பச்சை வாழைக்காயைக் கையில் எடுத்து, பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டு நின்றார். அதற்கு முன் நாலு வருடம் மாஸ்டர் கேப் கோஸ்டில் கணிதம் படிப்பித்தவர். சந்தைக்குப் போய் வந்ததில் எனக்கும் அந்த ஊர்ப் பாஷையில் நாலைந்து சொல் ஒட்டியிருந்தது. ஆளைக் கண்ட சந்தோசத்தில் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன், வந்தது "கொஞ்சம் குறையுங்கோ." அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் ஒன்றும் விற்கவில்லையே அம்மா, எதைக் குறைப்பது?" என்றார். பிறகு கடைக்காரர் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தார். அந்த ஞாயிறே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்ற யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆனால் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். பரமேஸ்வரி அக்கா அது பிழை என்று ஒருநாள் விளக்கிச் சொன்னா. "வயதில் இவ என் தங்கச்சி, அது தெரியும். ஆனால் இவ எங்கள் பொதுப்பணக் கணக்குக் கொப்பியைத் திறந்தால் நான் சின்னப் பிள்ளையாகிவிடுகிறேன்" என்றார் எஃபுவா. பிறகும் அக்காதான்.

மில் யோசனை எப்படி வந்தது என்று பலபேர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன். வருடக்கணக்காக எஃபுவா ஊருக்குப் பெட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். சப்பாத்து, சவர்க்காரம், மருந்து, பள்ளிக்கூடக் கொப்பி. பெட்டி போய்ச் சேர்ந்ததும் நன்றிக் கடிதம் வரும். அதன் கீழேயே அடுத்த பெட்டிக்கான பட்டியலும் இருக்கும். ஒருநாள் எங்கள் குசினியில் அப்படியொரு கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். "பெட்டி முடிகிற நாள் வரைக்கும்தான் நான் நல்லவள், அக்கா. முடியாத ஒன்றை அனுப்ப வேண்டும்." அவர் ஊரில் சோளம் அரைக்க ஒரேயொரு மில். அதன் சொந்தக்காரர் நினைத்தால் திறப்பார், நினைத்தால் பூட்டுவார். பெண்கள் விடிய முன்னமே சட்டியோடு வரிசையில் நின்று, மத்தியானம் வெறும் கையோடு திரும்பிய நாட்கள் உண்டு. மா இல்லையென்றால் அன்றைக்கு விற்கச் சாப்பாடு இல்லை. விற்காவிட்டால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் காசு இல்லை.

நம் வீடுகளில் முதல் கூட்டம் வைத்தபோது ஒருவர், பெயர் எழுதவில்லை, அவருக்கே தெரியும், "தர்மத்துக்கு நான் என்ன போட வேணும்?" என்று கேட்டார். எஃபுவா கதிரையை விட்டு எழும்பினார். அவர் சொன்னதை நான் அன்றே கொப்பியின் பின்மட்டையில் எழுதி வைத்தேன்: "இது தர்மம் இல்லை, வியாபாரம். தர்மம் கொடுத்தால் அவர்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும். மில் வைத்தால் என்னோடு சண்டை பிடிக்கலாம். என் ஊர்ப் பெண்கள் என்னோடு சண்டை பிடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை." அரைகூலியில் ஒரு பங்கு மில்லைப் பார்ப்பவருக்கு, ஒரு பங்கு அரைக்கும் பெண்களுக்கே, ஒரு பங்கு பக்கத்து ஊரில் அடுத்த மில்லுக்கு. கேட்டவர் மில்லுக்கு இரண்டு பங்குக் காசு போட்டார்.

இனி நான் எழுதக் கூச்சப்படும் இடம். பிளாக்டவுனுக்கு அப்பால் ஒரு பண்ணையில் பழைய மில் விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் குவேசியின் வான் வண்டியில் நாலு பேர் போனோம். மாட்டுக்குத் தீன் அரைக்கிற மில் அது. உள்ளே இரும்புத் துண்டுகள் சுழன்று தானியத்தை அடித்து நொறுக்கிச் சல்லடை வழியாகத் தள்ளும். பண்ணைக்காரர் ஒரு வாளி காய்ந்த சோளத்தைக் கொட்டினார். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மா வந்துவிட்டது. எஃபுவா கையை விட்டு அள்ளினார். எனக்கும் தந்தார். நான் விரல் நுனியில் தேய்த்துப் பார்த்து, "பிட்டுக்குக்கூடக் காணும்" என்றேன். மாஸ்டர் எஞ்சினைப் பார்த்தார், குவேசி சில்லைப் பார்த்தார். பெண்கள் இருவரும் மாவைப் பார்த்தோம். எல்லோருக்கும் திருப்தி. எஃபுவா அந்த மாவைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு வந்தார்.

மில் கப்பலேறிப் போய், துறைமுகத்தில் கிடந்து, ஊர் போய்ச் சேரப் பத்து மாதம் எடுத்தது. பாட்டும் பூசையுமாக அதை இறக்கினார்களாம். அதற்குள் பழைய மில்காரர் இனித் தனக்குப் பிழைப்பில்லை என்று தன் மில்லை விற்றுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். மில்லை இறக்கின அடுத்த நாள் விடிய முப்பத்தொரு பெண்கள் சோளச் சட்டியோடு வந்து நின்றார்கள். முதல் சட்டியைக் கொட்டினார்கள். மில் ஒரு முறை உறுமி நின்றது. திறந்து பார்த்தால் சல்லடை முழுக்கச் சாந்து பூசியதுபோல் அடைத்திருந்தது.

ஏனென்றால் அந்த ஊரில் சோளத்தை ஊறவைத்துத்தான் அரைப்பார்கள். இரண்டு நாள், மூன்று நாள் ஊறிய சோளம். ஈரமாக அரைத்துப் புளிக்கவைத்து, உருட்டி, வாழைச் சருகில் சுற்றி அவிப்பார்கள். இது எஃபுவாவுக்குத் தெரியாதா? கேப் கோஸ்டில் நாலு வருடம் இருந்த எனக்குத் தெரியாதா? சட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் கழுத்தை நனைக்க மில்லுக்குப் போகும் பெண்களை என் வாசலில் நின்று எத்தனை காலை பார்த்திருப்பேன். ஆனால் இங்கே வந்த பிறகு எஃபுவா இத்தாலியர் கடையில் சோளமாப் பைக்கற் வாங்கி, அதில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்துத்தான் சாப்பிட்டார். நானும் அரிசிமாப் பைக்கற்றில் தண்ணீர் ஊற்றித்தான் தோசை சுட்டேன். முதலில் மா, பிறகு தண்ணீர். அத்தனை வருடப் பழக்கத்தில் எங்கள் இருவருக்கும் அந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. எங்களுக்கே அது தெரியவில்லை.

மில் அடைத்த செய்தியோடு கடிதம் வந்த அன்று எஃபுவா எங்கள் குசினிக்குள் வந்து, என் சாமான் தட்டில் இருந்த மாப் பைக்கற்றை எடுத்து மேசையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. "இதை யாரும் எங்களுக்குச் செய்யவில்லை, அக்கா. நாங்கள்தான் தின்று தின்று மறந்தோம்" என்றார். 

அந்த நாளிலிருந்து அவர் இங்கே கட்டுப்பட்டுப் போனார். பழைய மில்லும் இல்லை, புதிய மில்லும் ஓடாது. பெண்கள் அடுத்த ஊருக்கு நடந்துபோய் அரைத்துக்கொண்டு வந்தார்கள்; போக அரைநாள், வர அரைநாள். நல்லது செய்யப் போய் இருந்ததையும் இல்லாமலாக்கிவிட்டேன் என்பது எஃபுவாவின் வாயில் ஒரு செபம்போல ஆகிவிட்டது. மறு வருடம் குவேசி ஊருக்குப் போனபோது இவருக்கும் சேர்த்து ரிக்கற் எடுக்க வெளிக்கிட்டார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். தாய் அப்போது உயிரோடு இருந்தா. "பஸ்ஸால் இறங்கினால் முதலில் யாருடைய முகத்தைப் பார்ப்பது? அந்த வழியால்தான் சட்டியோடு நடந்து போகிறார்கள்" என்றார். தாய் அடுத்த மாரியில் போய்விட்டா. எஃபுவா அன்றும் இரட்டை வேலைக்குப் போனார். போகாமல் இருக்கலாம் என்று முதியோர் இல்லத்தில் சொன்னார்களாம். "வீட்டில் இருந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும்" என்று போய்விட்டார்.

யாழ்ப்பாணத்தில் என்னைப் பெற்ற அப்பு செத்தபோதும் என்னால் போக முடியவில்லை. காசும் இல்லை, கைக்குழந்தையும். தந்தி வந்து மூன்று நாளும் எஃபுவா வேலை முடிந்து நேரே இங்கே வந்து, என்னோடு நிலத்தில் குந்தியிருப்பார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மட்டும், "உன்னை உன் மூன்று பிள்ளைகள் கட்டி வைத்திருக்கிறார்கள். என்னை முப்பத்தொரு பேர். உனக்கு முடிச்சு இலேசு, அக்கா" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்கு அதுதான் நல்லது என்று பிறகு விளங்கியது, அழுகை நின்றுபோயிற்று.

இரண்டாவது மில்லுக்கு அவர் யாரையும் அவசரப்பட விடவில்லை. முதலில் அந்தப் பெண்களுக்கே எழுதிக் கேட்டார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மூலம் பதில் வந்தது. கடித உறைக்குள் ஒரு கயிறும் இருந்தது, இரண்டு முடிச்சுப் போட்டு. தலையில் இருக்கும் சட்டியை இறக்காமல் அப்படியே சாய்த்துக் கொட்டுவதற்கு மில்லின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று, கட்டையான பெண் ஒருத்தியையும் நெட்டையான பெண் ஒருத்தியையும் நிறுத்தி அளந்த கயிறு. மாஸ்டர் கயிற்றை நிலத்திலிருந்து நிமிர்த்திப் பிடித்து உயரம் பார்த்தார். "இஞ்சேரும், இவ்வளவு காலமும் நான் எஞ்சினைத்தானே பாத்தனான்" என்றார் என்னிடம். அதற்குப் பிறகு எஃபுவா எந்தக் கூட்டத்திலும், எந்த யோசனைக்கும், கேட்டது ஒரே கேள்விதான்: "இதை யார் தூக்கப் போவது?" நமது கலைவிழாவுக்குக் கதிரை வாடகைக்கு எடுப்பதா என்று பேசியபோதும் அதைத்தான் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு கதிரைகளைத் தூக்கியது அவரும் குவேசியும்தான்.

இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் ஈரச் சோளம் அரைக்கும் மில்லைத் தேடிப் பிடித்து, கயிற்றின் அளவுக்குக் கால் உயர்த்தி, மாஸ்டரின் வேலைத்தலத்துக்குப் பின்னால் செவன் ஹில்ஸில் ஒரு கொட்டிலில் வைத்திருக்கிறோம். அனுப்புவதற்கு முன் மூன்று நாள் ஊறிய சோளத்தைத் தானே அரைத்துப் பார்த்தார். இந்த முறை நான் கைவைக்கவில்லை.

அவர் சாவதற்கு முந்தின ஞாயிறு, தட்டு துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசப் போயிருந்தோம். மாஸ்டர் வேலைத்தலத்துக் கதவுத் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வெளியே போய்விட்டார். நானும் எஃபுவாவும் தனியே. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தார். நான் கைப்பையில் கொப்பியைத் தேடுவதைக் கண்டு, "எழுதாதே அக்கா, கேள்" என்றார்.

"எனக்கு ஏதாவது நடந்தால் வீட்டார் என் உடம்பைக் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், அது அவர்கள் கடமை. நீ மில்லை அனுப்பு."

நான் பொல்லாத வாய் என்று ஏசினேன். விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன கதை என்றேன். அவர் சிரித்தார். "உடம்பை எங்கே வைத்தாலும் வைத்த இடத்தில் கிடக்கும். இது இங்கே கிடந்தால் துருப்பிடிக்கும்" என்றார். மாஸ்டர் திரும்பி வந்தபோது பேச்சு மாறிவிட்டது. தேங்காய் விலைகூட நாளும் திகதியும் போட்டு எழுதி வைக்கிறவள் நான். இதை எழுதவில்லை. அவர் எழுதாதே என்றதால் எழுதவில்லை.

செய்தி வந்த புதன்கிழமை இதை நான் மாஸ்டருக்கும் பரமேஸ்வரி அக்காவுக்கும் சொன்னேன். வாசுகியும் கேட்டுக்கொண்டு நின்றாள். 'அன்று புதிதாகச் சொன்னாள்' என்று உலாவும் கதை அதுதான். புதிதாகச் சொல்லவில்லை, அதற்கு முன் சொல்ல மனம் வரவில்லை. மாஸ்டர் படுக்கையில் எழும்பி உட்கார்ந்து, "நீர் மட்டும்தானே கேட்டனீர். ஆர் சாட்சி?" என்றார். சாட்சி இல்லை.

மறுநாள் தந்தி வந்தது. எஃபுவாவின் மாமா, குடும்பத்துக்கு மூத்தவர், அனுப்பியது. உடலை ஊருக்கு அனுப்பவும், அங்கே புதைக்க வேண்டாம், எல்லோரும் காத்திருக்கிறோம். அவ்வளவுதான். குவேசி அதைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார். நான் எஃபுவா சொன்னதைச் சொன்னேன். அவர் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நான் நம்புகிறேன் அன்ரி. அவ அப்படித்தான் சொல்லியிருப்பா" என்றார். "ஆனால் நீங்கள் அந்த ஊருக்குப் போகத் தேவையில்லை. நான் போக வேண்டும். அக்காவை அந்நிய மண்ணில் போட்டுவிட்டு ஒரு இரும்பை அனுப்பினான் என்று என் பிள்ளை வரைக்கும் சொல்லுவார்கள். இங்கே புதைத்தால் நானும் இனி ஊருக்குப் போக முடியாது."

"அப்ப மில்?"

"மில்லைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். நான் அவவின் தம்பி."

அவரைப் பிழை சொல்ல என்னால் முடியாது. ஒரு ஆத்மா தன் சனத்தின் கையால் போவதற்கும் போகாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். அப்புவுக்கு நான் ஒரு பிடி வாய்க்கரிசி போடவில்லை. அது என் கட்டை வேகும் வரைக்கும் என்னோடு இருக்கும். பெரியவர்களின் சொல்லைத் தட்டுவது பாவம். போன ஒருவரின் கடைசிச் சொல்லைத் தட்டுவதும் பாவம். ஐந்து நாளாகப் பிள்ளையாரிடம் கேட்கிறேன். எனக்கு ஒரு வழியும் காட்டவில்லை. ஒருவேளை உங்களைக் கேள் என்பதுதான் வழியோ தெரியாது.

கையில் இருக்கும் பொதுப்பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும். பெட்டியில் விமானத்தில் உடலை அனுப்பினால் மில்லின் கப்பல்கூலிக்கும் துறைமுக வரிக்கும் ஒன்றும் மிஞ்சாது. மில்லை அனுப்பினால் எஃபுவாவை இங்கே, ரூக்வுட் மயானத்தில் அடக்கம் செய்ய வேண்டும். இன்னொரு முறை சேர்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். மூன்று முறை சேர்த்துவிட்டோம். மில்லில் ஒரு முறை நட்டப்பட்டதும் நம் காசுதான். நமக்குள் எத்தனை வீட்டில் இரட்டை வேலை என்று எனக்குத் தெரியும். கொட்டிலை மாத முடிவில் காலி செய்யச் சொல்லியாயிற்று. மில்லை விற்றால் பழைய இரும்பு விலைதான் வரும்.

பணம் என் பெயரில் இருக்கிறது என்பதற்காக நான் தனியே முடிவெடுக்க மாட்டேன். என் பதில் மில். ஆனால் அதை எண்ணிக்கையில் சேர்க்கப் போவதில்லை. பண்ணையில் அந்த மாவைத் தேய்த்துப் பார்த்து நல்லது என்று சொன்ன கை என்னுடையது. எஃபுவாவின் வார்த்தைக்காகப் பேசுகிறேனா, என் கையைக் கழுவப் பேசுகிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. குவேசியும் தன் பதிலைச் சேர்க்க வேண்டாம் என்றுவிட்டார். இதுவரை எழுதியதை அவருக்கு மாஸ்டர் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினார். தான் சொன்னது சரியாக இருக்கிறது என்றார்.

எஃபுவாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு தாள். கயிற்றோடு வந்த கடிதத்தின் கடைசிப் பக்கம். முப்பத்தொரு பெயர். அவர்கள் பிறந்த கிழமைக்குத்தான் பெயர் வைப்பார்கள், ஆகவே ஏழு பெயரே திரும்பத் திரும்ப வருகிறது. கிணற்றடி எசி, லொறிக்காரன் மகள் எசி, இரட்டைப் பிள்ளை பெற்ற அரபா, ஒற்றைக் கண் அமா, பள்ளிக்கூடத்துக்குப் பின்வீட்டு அமா. ஏழு பேர் வெள்ளிக்கிழமை பிறந்த எஃபுவாக்கள். காலையில் தேவாரம் படித்து முடித்ததும் இந்தப் பெயர்களை ஒருமுறை வாசிக்கிறேன். பலன் என்னவென்று தெரியாது. வாசிக்காமல் எழும்ப முடியவில்லை.

இனி உங்கள் பதில். 'மில்' அல்லது 'உடல்', ஒரு சொல் போதும். ஆண்கள் மட்டும் பேசி முடித்துச் சொல்ல வேண்டாம். வீட்டில் சமைக்கிறவரும் சொல்ல வேண்டும். கடிதம் போட நேரம் இல்லை, தொலைபேசியில் சொல்லுங்கள், அல்லது வாசுகியின் பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளைகளிடம் துண்டு எழுதிக் கொடுத்து விடுங்கள். செவ்வாய்க்கிழமை பொழுதுபடுவதற்கு முன் எல்லாப் பதிலும் என் கைக்கு வர வேண்டும். புதன் காலை ஒன்பது மணிக்கு, அடக்க வேலையைப் பார்க்கும் அண்டடேக்கர் தொலைபேசி எடுப்பார். நான் அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும்.